வீட்டில் கிட்டார் பயிற்சிக்கு எந்த ஹெட்போன்?

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிச் சில வாரங்கள் ஆனதும் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஆம்ப்பில் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால்தான் டோன் நன்றாக இருக்கிறது. ஏற்றினால் பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்துவிடுகிறார். ஒரே வரியை 40 முறை வாசிப்பதுதான் பயிற்சி என்றாலும், வீட்டிலுள்ள எல்லோரும் அதை 40 முறை கேட்க வேண்டும் என்பது நியாயமில்லை. சரி, ஹெட்போன் வாங்கிவிடலாம் என்று தேட ஆரம்பித்தால் மூடிய வகை (க்ளோஸ்டு-பேக்), திறந்த வகை (ஓப்பன்-பேக்), 32 ஓம், 250 ஓம், ப்ளூடூத், கிட்டாருக்கென்றே செய்த வயர்லெஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கிறது.

பாட்டுக் கேட்க நன்றாக இருக்கும் ஹெட்போன் கிட்டார் வாசிக்கவும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பாட்டுக் கேட்கும்போது நமக்குக் கேட்பது மட்டும்தான் வேலை. வாசிக்கும்போது கை செய்ததைக் காது உடனே சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக் கை அடுத்த மீட்டலைத் திருத்திக்கொள்ள வேண்டும். கைக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் இந்த ஓட்டத்தை ஹெட்போன் கெடுக்கிறதா, காப்பாற்றுகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பிராண்டு, தோற்றம், பேஸ் எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

## எதை வைத்து எடைபோடுவது

### தாமதம்

தந்தியை மீட்டிய நொடிக்கும் அந்த ஒலி காதில் விழும் நொடிக்கும் உள்ள இடைவெளி இது. வயர் ஹெட்போனில் இது இல்லை என்றே சொல்லலாம். ஆம்ப் வைத்து வாசிக்கும்போதுகூட ஒலி காற்றில் வந்துசேர நேரம் ஆகிறது. விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் என்ற கணக்கில், 3 மீட்டர் தள்ளி வைத்த ஆம்ப்பின் ஒலி ஏறத்தாழ 9 மில்லிவிநாடி கழித்துத்தான் நம்மிடம் வருகிறது. கை அதைப் பொருட்படுத்துவதில்லை. 10 மில்லிவிநாடியைத் தாண்டினால் சிலருக்கு உறுத்த ஆரம்பிக்கும். 20, 30 என்று போனால் தந்திகளில் பசை தடவியதுபோல வாசிப்பு கனத்துவிடும்.

சாதாரண ப்ளூடூத் ஹெட்போன்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் 100 முதல் 250 மில்லிவிநாடி வரை இருக்கிறது. தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஓடினால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே 500 மில்லிவிநாடி. அதை நாலாகப் பிரித்து வாசித்தால் ஒரு ஸ்வரத்துக்கு 125. தாமதம் 200 என்றால், இரண்டாவது ஸ்வரத்தை நீங்கள் மீட்டிய பிறகுதான் முதல் ஸ்வரம் காதில் விழும். இப்படி ஒருவரால் தாளம் பழக முடியாது.

### கசிவு, உள்ளேயும் வெளியேயும்

ஹெட்போனின் சத்தம் அறையில் இருப்பவருக்குக் கேட்கிறதா என்பதை எல்லோரும் யோசிக்கிறார்கள். வெளிச் சத்தம் உங்களுக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். குழந்தை அழுதாலோ கதவு தட்டினாலோ கேட்டாக வேண்டிய வீடு உண்டு. வெளியே வண்டிச் சத்தம் ஓயாத வீடும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது: மின்சாரமே இல்லாமல் தந்தி தரும் மெல்லிய ஒலி. பிக் தந்தியில் உரசுவது, விரல் ஃப்ரெட்டில் சரியாக அழுந்தாத போது வரும் கரகரப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. அது காதுக்கு வருவது சிலருக்கு உதவி, சிலருக்கு இடைஞ்சல்.

### எதில் செருகப்போகிறீர்கள்

எல்லோரும் கடைசியில் பார்ப்பது இதைத்தான். முதலில் பார்த்திருந்தால் பாதிக் குழப்பம் இருக்காது.

கிட்டார் ஜாக்கில் ஹெட்போனை நேரடியாகச் செருகினால் பயனில்லை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் தரும் அளவு ஹெட்போனை இயக்கும் அளவுக்கு இருக்காது. நடுவில் ஏதோ ஒன்று வேண்டும். அது ஹெட்போன் ஜாக் உள்ள பயிற்சி ஆம்ப்பாக இருக்கலாம், பல ஒலி விளைவுகளை ஒரே பெட்டியில் தரும் மல்டி எஃபெக்ட்ஸ் பெடலாக இருக்கலாம், கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸாக இருக்கலாம், அல்லது கிட்டார் ஜாக்கிலேயே மாட்டிக்கொள்ளும் வாக்ஸ் ஆம்ப்ளக், ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ போன்ற குட்டி ஆம்ப்பாகவும் இருக்கலாம்.

ஓம் என்ற எண் இங்கேதான் வருகிறது. அது தரத்தைக் காட்டும் எண் என்று பலர் நினைக்கிறார்கள். 250 ஓம் என்றால் 32 ஓமைவிட உயர்ந்தது என்று வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் அந்த எண், ஹெட்போனை இயக்க எவ்வளவு மின்னழுத்தம் தேவை என்பதோடு சம்பந்தப்பட்டது. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால், 32 ஓம் ஹெட்போனுக்குக் கொடுக்கும் அதே திறனை 250 ஓம் ஹெட்போனுக்குக் கொடுக்க ஏறத்தாழ 2.8 மடங்கு மின்னழுத்தம் வேண்டும். பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப்பால் அது முடியாமல் போகலாம். சத்தத்தை முழுவதும் திறந்தும் ஒலி சோகையாக, உயிரில்லாமல் இருக்கும். குட்டி ஆம்ப், போன், மடிக்கணினி என்றால் 32 முதல் 80 ஓம் வரை போதும். நல்ல இன்டர்ஃபேஸ் அல்லது தனி ஹெட்போன் ஆம்ப் இருந்தால் மட்டும் 250, 300 பக்கம் போங்கள்.

ஜாக்கின் அளவையும் பாருங்கள். ஆம்ப்களிலும் இன்டர்ஃபேஸ்களிலும் பெரும்பாலும் 6.35 மிமீ, குட்டிச் சாதனங்களில் 3.5 மிமீ. சிறிய ஜாக்கில் பெரிய பின்னுக்கான கனமான அடாப்டர் தொங்கினால், நாளடைவில் உள்ளே இருக்கும் சாலிடர் விட்டுவிடும். குட்டை வயர் உள்ள அடாப்டர் அந்தப் பாரத்தை ஜாக்கில் ஏற்றாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஆம்ப்பின் பின்னால் ஸ்பீக்கருக்கென்று இருக்கும் ஜாக்கில் ஹெட்போனைச் செருகவே கூடாது. ஹெட்போனும் போகும், காதும் போகும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஆம்ப்களுக்கு ஸ்பீக்கரோ அதற்கு இணையான சுமையோ எப்போதும் இணைந்திருக்க வேண்டும். சத்தம் வேண்டாம் என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஹெட்போன் ஜாக் இல்லாத வால்வு ஆம்ப் என்றால் ஸ்பீக்கருக்குப் பதிலாக அந்தச் சுமையை ஏற்கும் லோட் பாக்ஸ் தனியாக வாங்க வேண்டும். ஹெட்போன் வாங்கக் கணக்குப் போடும்போது இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

### ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்த வேலை

"நல்ல ஹெட்போன்தான் வாங்கினேன், டிஸ்டார்ஷன் போட்டால் கொசு ரீங்கரிப்பது போல இருக்கிறது" என்று சொல்லாதவர்கள் குறைவு. தவறு ஹெட்போனில் இல்லை. கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியைப் பெருமளவு வெட்டிவிடும். நாம் கிட்டார் ஒலி என்று பழகியிருப்பதே அப்படி வெட்டப்பட்ட ஒலியைத்தான். ஹெட்போன் 20,000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து வருவதை அப்படியே அதில் விட்டால், ஸ்பீக்கர் மறைத்து வைத்திருந்த சீற்றமெல்லாம் காதுக்கு வந்துவிடும். அதனால் ஸ்பீக்கர் பெட்டியின் வேலையை யாராவது செய்ய வேண்டும். கேப் சிமுலேஷன் என்ற வசதி அதற்குத்தான். மல்டி எஃபெக்ட்ஸிலும் புதிய பயிற்சி ஆம்ப்களின் ஹெட்போன் ஜாக்கிலும் அது பெரும்பாலும் இருக்கும். சாதாரண டிஸ்டார்ஷன் பெடலில் இருக்காது. அது இல்லாமல் எவ்வளவு உயர்ந்த ஹெட்போன் வாங்கினாலும் ஏமாற்றம்தான்.

### தலையில் ஒரு மணி நேரம்

எடை, இறுக்கம், வியர்வை. 250 கிராம் பக்கம் இருந்தால் பெரும்பாலோருக்குச் சிரமம் இல்லை. கண்ணாடி அணிபவர்களுக்கு இறுக்கமான குஷன் கண்ணாடிக் கம்பியைப் பொட்டில் அழுத்தும். அந்த இடுக்கு வழியாக பேஸும் கசிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| வகை | உங்கள் கிட்டார் ஒலிக்குத் தாமதம் | வெளியே கசிவு | தந்தியின் நேரடி ஒலி | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|
| வயர், க்ளோஸ்டு-பேக் | இல்லை | குறைவு | மங்கலாக | குஷன், அடாப்டர் |
| வயர், ஓப்பன்-பேக் | இல்லை | அதிகம் | தெளிவாக | வலுவான ஹெட்போன் ஆம்ப் |
| சாதாரண ப்ளூடூத் | மிக அதிகம் | மாடலைப் பொறுத்தது | மாடலைப் பொறுத்தது | பேட்டரி, வீணாகும் பயிற்சி நேரம் |
| கிட்டாருக்கென்றே செய்த வயர்லெஸ் | உணர முடியாத அளவு | குறைவு | மங்கலாக | பேட்டரி, மொத்தமாக மாற்ற வேண்டிய நிலை |
| வயர் உள்ள இன்-இயர் (காதுக்குள் செருகுவது) | இல்லை | மிகக் குறைவு | மிக மங்கலாக | ரப்பர் முனைகள், அறுந்துபோகும் வயர் |

## வயர் உள்ள க்ளோஸ்டு-பேக்

காதுக் கிண்ணத்தின் பின்புறம் முழுவதும் மூடியிருக்கும். பலருக்கு முதல் ஹெட்போனாக நான் சொல்வது இதைத்தான். இரவு 11 மணிக்குக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தாலும் பக்கத்தில் தூங்குபவருக்கு உங்கள் டிஸ்டார்ஷன் தொல்லை தராது. ஆனால் தந்தியை பிக் தட்டும் 'டிக் டிக்' கேட்கும். அதற்கு எந்த ஹெட்போனும் மருந்தில்லை. இரவில் மெல்லிய பிக்கோ விரலோ போட்டு வாசிக்கலாம்.

இதில் வெகுகாலமாகப் பலர் நம்பி வாங்கும் மாடல்கள் சில உண்டு. சோனி எம்டிஆர்-7506 1991 முதல் விற்பனையில் இருக்கிறது. 63 ஓம், எடை குறைவு. மேல் அலைவரிசை சற்றுக் கூர்மையாக இருப்பதால் விரல் தவறுகளை ஒளிக்காமல் காட்டும். ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் 38 ஓம்; போனிலும் குட்டி ஆம்ப்பிலும் எளிதாக ஓடும், வயரைக் கழற்றி மாற்றலாம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ பெரும்பாலும் மென்மையான துணிக் குஷனோடு வருகிறது, நீண்ட நேரத்துக்குச் சுகம். ஆனால் அதே பெயரில் 32, 80, 250 ஓம் என்று மூன்று விதம் உண்டு. வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காமல் விட்டவர்கள் பலர்.

பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கு இந்த வகையைத்தான் முதலில் சொல்வேன். கிட்டாரின் தடித்த ஈ தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பேஸ் கிட்டாரின் ஈ தந்தி அதில் பாதி, சுமார் 41 ஹெர்ட்ஸ். காதை நன்றாக மூடிய குஷன் அந்த அடி ஒலியைக் காப்பாற்றும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். செயற்கைத் தோல் குஷன் வியர்வையில் சில வருடங்களில் உரிந்து கருப்புப் பொடி உதிர ஆரம்பிக்கும். புதிய குஷன் கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினால் அதே ஹெட்போன் இன்னும் பல வருடம் ஓடும். பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: காதை மூடியதும் சொந்தக் குரல் தலைக்குள் முழங்கும், சுருதி பிடிப்பது கடினமாகும். ஒரு பக்கக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பாடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

## வயர் உள்ள ஓப்பன்-பேக்

இதன் பின்புறம் வலைபோலத் திறந்திருக்கும். காற்று உள்ளே வெளியே போய்வரும், அதனால் ஒலி தலைக்குள் அடைபட்டதுபோல இல்லாமல் அறையில் இருப்பதுபோல விரியும். காது புழுங்காது. எல்லாவற்றையும்விட, உங்கள் தந்தியின் உண்மையான ஒலி காதுக்கு வந்துகொண்டே இருக்கும்.

இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். எஃபெக்ட்ஸ் எல்லாம் போட்டு ரீவெர்ப், டிலே என்று அலங்கரித்த ஒலியில் கையின் தவறுகள் மறைந்துவிடும். ஓப்பன்-பேக்கில் அந்த அலங்காரத்துக்கு அடியில் பிக் தந்தியைத் தொடும் விதம் கேட்கிறது. கார்டு (ஸ்வரக் கூட்டு) மாற்றும்போது எந்த விரல் தாமதமாக இறங்குகிறது என்பதுகூடத் தெரியும். அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பவர்கள் பேக்கிங் ட்ராக் (கூடவே ஓடும் பக்கவாத்தியப் பதிவு) அல்லது மெட்ரோனோம் மட்டும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, கிட்டாரை அப்படியே காதால் கேட்டு வாசிக்கலாம். மூடிய ஹெட்போனில் அப்படிச் செய்தால் கிட்டார் பக்கத்து அறையில் ஒலிப்பதுபோல இருக்கும், நம்மையறியாமல் ஓங்கி ஓங்கி மீட்டுவோம்.

இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், நீங்கள் கேட்பதை அறையில் இருப்பவரும் கேட்பார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்கினால் இது சரிவராது. மைக் வைத்துப் பதிவு செய்பவர்களுக்கும் ஆகாது. மெட்ரோனோமின் தட்டு ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறிவிடும், அதைப் பிறகு நீக்குவதும் கடினம். வெளிச் சத்தம் அதிகமுள்ள அறையில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும்.

செலவு இன்னொரு வழியிலும் வரும். இந்த வகையில் பேர்பெற்றவை பலவும் அதிக ஓம் கொண்டவை. சென்ஹைசர் எச்டி 600 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ பெரும்பாலும் 250 ஓமில் கிடைக்கும். இரண்டுக்கும் வலுவான ஹெட்போன் ஆம்ப் வேண்டும். டிடி 990இல் மேல் அலைவரிசை தூக்கலாக இருப்பதால், டிஸ்டார்ஷன் அதிகம் வாசிப்பவர்களுக்குக் காது சீக்கிரம் களைத்துவிடும். சென்ஹைசர் எச்டி 560எஸ் 120 ஓம், ஓரளவு நடுவில் நிற்கிறது. பாதி திறந்த வகை என்று ஒன்றும் உண்டு. ஏகேஜி கே240 ஸ்டுடியோ அப்படி, 55 ஓம். இரண்டின் நன்மையும் பாதிப் பாதி கிடைக்கும், குறையும் அப்படியே.

தனி அறை இருந்து, கதவைச் சாத்தினால் யாருக்கும் தொந்தரவில்லை என்றால், யோசிக்காமல் இந்தப் பக்கம் வாருங்கள்.

## கையிலிருக்கும் ப்ளூடூத் ஹெட்போன்

முதல் மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கியபோது வீட்டில் நல்ல ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கி இணைத்து வாசித்தேன். இரண்டு வாரம் என் தாளம் கெட்டுவிட்டது என்றே நம்பினேன். மெட்ரோனோமை 90இலிருந்து 70க்கு, 70இலிருந்து 60க்குக் குறைத்தும் ஒட்டவில்லை. ஒரு நாள் சார்ஜ் தீர்ந்து, வயரைச் செருகி வாசித்தேன். முதல் சுற்றிலேயே தாளம் கூடிவந்தது. அந்த இரண்டு வாரமும் என் கை, தாமதமாக வரும் ஒலியைத் துரத்தப் பழகியிருந்தது. அதை மறக்கடிக்க இன்னும் சில நாள் ஆனது. ப்ளூடூத்தின் உண்மையான செலவாக நான் எண்ணுவது அந்த நாட்களைத்தான்.

ஆனால் எல்லா நேரத்திலும் ப்ளூடூத்தை ஒதுக்க வேண்டியதில்லை. உங்கள் கிட்டாரின் ஒலி அதன் வழியாக வராத வரை அது குற்றமில்லை. அக்கூஸ்டிக் கிட்டாரைக் காற்றில் கேட்டுக்கொண்டு, போனில் ஓடும் பேக்கிங் ட்ராக்கை மட்டும் ப்ளூடூத்தில் கேட்டால் பிரச்சினை வராது. ட்ராக் போனிலிருந்து 200 மில்லிவிநாடி தாமதமாக வந்தாலும், உங்களுக்குக் கேட்கும் தட்டோடு சேர்ந்துதானே வாசிக்கிறீர்கள்? பதிவு செய்யும்போது மட்டும் அந்த இடைவெளி குறுக்கே வரும்.

பல ப்ளூடூத் ஹெட்போன்களில் 3.5 மிமீ ஜாக்கும் உண்டு. வயரைச் செருகிவிட்டால் ப்ளூடூத்தின் தாமதம் போய்விடும், புதிதாக எதையும் வாங்காமல் பயிற்சி தொடங்கிவிடலாம். வெளிச் சத்தத்தை ரத்து செய்யும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டுக் கேட்டுப்பாருங்கள். சில மாடல்களில் அது ஒலியின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. ஜாக் இல்லாத இயர்பட் வகை எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உதவாது.

## கிட்டாருக்கென்றே செய்த வயர்லெஸ்

வயர்லெஸ் என்றாலே தாமதம் என்று இல்லை. ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி, சேமித்து, விரித்துத் தரும் முறையால்தான் அது வருகிறது. இந்த வகையில் கிட்டார் ஜாக்கில் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர் மாட்டுவோம். அது தனக்கென உள்ள ரேடியோ இணைப்பில் சில மில்லிவிநாடிக்குள் ஒலியை ஹெட்போனுக்கு அனுப்பும். ஆம்ப், கேப் சிமுலேஷன், எஃபெக்ட்ஸ் எல்லாம் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கும். பாஸ் நிறுவனத்தின் வாசா-ஏர் இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. போனிலிருந்து பேக்கிங் ட்ராக் மட்டும் ப்ளூடூத்தில் வரும், கிட்டார் தனி வழியில் வரும். தலையைத் திருப்பினால் ஆம்ப் அதே இடத்தில் நிற்பதுபோல ஒலியை மாற்றிக்காட்டும் வசதியும் அதில் உண்டு.

இதன் பெரிய பலம், பயிற்சியைத் தொடங்க நேரமே ஆகாது என்பதுதான். ஆம்ப்பை எடுத்து வை, வயரை விரி, கணினியைத் திற என்று எதுவும் இல்லை. 15 நிமிடம் கிடைத்தாலும் கிட்டாரை எடுத்துவிடலாம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே துண்டு துண்டாக நேரம் கிடைப்பவர்களுக்கு இதன் மதிப்பு அதிகம்.

எல்லாம் ஒரே உடலில் இருப்பதுதான் பலவீனமும். வயர் ஹெட்போனில் ஆம்ப் பழசானால் ஆம்ப்பை மட்டும் மாற்றலாம், குஷன் போனால் குஷனை மாற்றலாம். இதில் பேட்டரி தளர்ந்தாலோ போனில் உள்ள செயலிக்கு ஆதரவு நின்றுபோனாலோ மொத்தமும் பாதிக்கப்படும். அதே பணத்தில் ஒரு நல்ல க்ளோஸ்டு-பேக்கும் குட்டி ஹெட்போன் ஆம்ப்பும் பல நேரம் வாங்கிவிடலாம். அப்படி வாங்கியவை தனித்தனியாகப் பல வருடம் நிற்கும். வயர் காலில் சிக்குவதைப் பொறுக்கவே முடியாதவர்களுக்கு மட்டும் இதை முதல் தேர்வாகச் சொல்வேன்.

## வயர் உள்ள இன்-இயர்

பயணத்துக்கு நல்லது, கசிவு இல்லை என்றே சொல்லலாம். 16, 32 ஓம் என்று இருப்பதாலும் சிறு மின்சாரத்துக்கும் அதிகச் சத்தம் தருவதாலும் சில ஆம்ப்களின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைப் பெரிதாக்கிக் காட்டும். வயர் கிட்டாரின் உடலில் உரசினால் அந்த உரசல் நேரே காதுக்குள் கேட்கும். குஷன் சூட்டைத் தாங்க முடியாதவர்களுக்கும், கண்ணாடியால் அவதிப்படுபவர்களுக்கும் பொருந்தும். வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் என்றால் என் காது இதை ஏற்பதில்லை.

## உங்கள் வீட்டுக்கு எது

ஒரே அறையில் பிறரும் இருக்கிறார்கள், கையில் பயிற்சி ஆம்ப்போ குட்டி ஹெட்போன் ஆம்ப்போ இருக்கிறது என்றால் 80 ஓமுக்கு மிகாத க்ளோஸ்டு-பேக். தனி அறையும் நல்ல இன்டர்ஃபேஸும் இருந்தால் ஓப்பன்-பேக். கிட்டார் ஒலியையும் குரலையும் மைக்கில் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால் தனி அறை இருந்தாலும் க்ளோஸ்டு-பேக்தான். அக்கூஸ்டிக் மட்டும் வாசிப்பவர் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பேக்கிங் ட்ராக்குக்குக் கையிலிருப்பதே போதும், அது ஓப்பன்-பேக்காக இருந்தால் இன்னும் நல்லது. தூங்கும் குழந்தையைக் கவனித்துக்கொண்டு வாசிப்பவர்களுக்குப் பாதி திறந்த வகை பொருந்தும். குழந்தை சிணுங்கினால் காதில் விழும். அறை சிறியது, தொட்டில் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் கசியும் சத்தத்தையும் யோசித்து, க்ளோஸ்டு-பேக்கை ஒரு காதில் மட்டும் மாட்டி வாசிப்பதே நல்ல வழி.

பணம் குறைவாக இருந்து, ஹெட்போன் ஒன்று, ஆம்ப் ஒன்று என்று பிரிக்க வேண்டியிருந்தால், நான் ஆம்ப் பக்கம்தான் சற்று அதிகம் வைப்பேன். கேப் சிமுலேஷன் நன்றாக உள்ள ஆம்ப்பில் சுமாரான ஹெட்போனும் வாசிக்கும்படி இருக்கும். மறுபக்கம் அப்படி இல்லை.

எந்த வகை வாங்கினாலும், முதல் நாள் ஒலி ஆம்ப்பைவிட வறட்சியாகத் தோன்றும். அறையின் எதிரொலி இல்லாததால் அப்படி இருக்கிறது. கொஞ்சம் ரூம் ரீவெர்ப் சேருங்கள், பாதி சரியாகிவிடும். அதிகம் சேர்த்தால் மறுபடியும் கையின் தவறுகள் மறைந்துவிடும்.

## சத்தத்தின் அளவு

ஆம்ப் முன்னால் நின்று வாசிக்கும்போது அதிர்வு உடம்பில் படுகிறது. ஹெட்போனில் அது இல்லை. இல்லாததைக் காது நிரப்பப் பார்க்கும், கை சத்தத்தை ஏற்றும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகிவிடும். 83இல் 20 மணி நேரம், 86இல் 10, 89இல் 5. தினமும் ஒரு மணி நேரம் 89இல் வாசித்தால் வாரக் கணக்கு ஏற்கெனவே தாண்டிவிட்டது. குழந்தைகளுக்கு எல்லை இன்னும் கீழே, 75 டெசிபல். காது கேட்கும் திறன் போனால் திரும்ப வராது என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: தொடங்கும்போது எவ்வளவு வைத்தேனோ, முடிக்கும் வரை அதே அளவு. காதில் ரீங்காரம் கேட்டால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது.

## வாங்குவதற்கு முன்

முடிந்தால் உங்கள் கிட்டாரோடும் ஆம்ப்போடும் சேர்த்தே ஹெட்போனைச் சோதித்துப் பாருங்கள். பாட்டு ஓடவிட்டுப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. முதலில் எஃபெக்ட்ஸ் இல்லாமல் ஒரு கார்டை மெதுவாக மீட்டுங்கள். ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறதா? அப்புறம் டிஸ்டார்ஷன் போட்டு உள்ளங்கையால் அடக்கி வாசியுங்கள். அடி ஒலி குழம்பாமல் ஒவ்வொரு தட்டும் பிரிந்து வர வேண்டும். ஒலி ஒரு காதில் மட்டும் வந்தால் ஹெட்போனைக் குறை சொல்வதற்கு முன் ஜாக் மோனோவா, ஸ்டீரியோவா என்று பாருங்கள். பெரும்பாலும் சரியான அடாப்டர் போட்டால் தீர்ந்துவிடும்.

வயர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதும் முக்கியம். ஒரே வயர் உள்ள ஹெட்போன்களில் அது பெரும்பாலும் இடது காதிலிருந்து இறங்கும். வலது கையால் மீட்டுபவருக்கு அந்தப் பக்கம்தான் கார்டு பிடிக்கும் கை இருக்கிறது. முன்னால் தொங்கவிடாமல் தோளுக்குப் பின்னால் போட்டு, கிட்டார் பட்டைக்குள் நுழைத்துவிட்டால் கையில் சிக்காது. வயர் 3 மீட்டர் இருந்தால் ஆம்ப்பிலிருந்து தள்ளி உட்காரலாம். 1.2 மீட்டர் என்றால் நீட்டிப்பு வயரும் வேண்டும்.

கடைசியாக, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, 12ஆவது ஃப்ரெட்டைப் பார்க்கத் தலையைக் குனியுங்கள். பயிற்சியில் பாதி நேரம் தலை அப்படித்தான் இருக்கும். அந்த நிலையில் ஹெட்போன் நெற்றிக்கு நழுவி வந்தால், ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேறொன்றைப் பாருங்கள்.